வெறும் தண்ணீர்த் தொட்டிகள்

போஸ்கெச்சூ, தலாஸ்
ஏப்ரல் 6

அன்புள்ள உலார்பெக்,

உங்கள் சிர்கா எழுதுவது. பேரைச் சொல்லியே எழுதிவிட்டேன். மருமகள் புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று உங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். நான் வாயால் சொல்லவில்லையே, கையால்தானே எழுதுகிறேன். போனில் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லி முடித்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. நீங்கள் வேலை பார்க்கும் யெகாதெரின்பூர்க் வரை பேருந்து ஓட்டும் கேனெஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. செசிமுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பாவிடம் காட்டக் கூடாது என்று போனில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள், கவனித்திருப்பீர்கள். வயலில் பனி போய்விட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் பீன்ஸ் விதைக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேறு யாராவது கண் காது வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு சண்டை. ஒரு பக்கம் ஜாமிர், இன்னொரு பக்கம் உங்கள் பெண்டாட்டி.

ஜாமிரை உங்களுக்குத் தெரியும், சந்தையில் உரக்கடை வைத்திருப்பவர். இந்த வருஷம் 'பொன்வேர்' என்று ஒரு மருந்து கொண்டுவந்திருக்கிறார். தண்ணீரில் பத்துச் சொட்டு கலந்து ஊற்றினால் பீன்ஸ் இரட்டிப்பாகக் காய்க்குமாம். பள்ளிக்கூடமே சோதித்துச் சொன்னது என்று ஒரு தாள் கிடைத்தால் ஊர் முழுக்க விற்றுவிடலாம் என்று தலைமையாசிரியர் எசெனிடம் வந்தார். எசென் அண்ணன் உயிரியல் ஆசிரியை நான் ஒருத்தி சும்மா இருக்கிறேனே என்று என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு தொட்டி வச்சு ஒரு சோதனை மாதிரி பண்ணி, நல்லா வந்துச்சுன்னு எழுதிக் குடு சிர்கா. சின்ன வேலைதான்," என்றார். சோதனை 'மாதிரி' எனக்குப் பண்ணத் தெரியாது. சோதனை பண்ணத்தான் தெரியும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மாக்சிம் பானம் குடித்துப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டிப் பத்துத் தொட்டி. ஒரே மூட்டை மண். ஒரே சாக்கிலிருந்து எடுத்த விதை. எல்லாம் ஒரே தெற்கு ஜன்னலில். ஒரே டம்ளரால் அளந்த தண்ணீர். பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்: மாற வேண்டியது ஒன்றே ஒன்று, மருந்து, மாறவே கூடாதது மற்றதெல்லாம். ஐந்து தொட்டிக்கு மருந்துத் தண்ணீர், மூன்று நாளைக்கு ஒருமுறை. மற்ற ஐந்துக்கும் வெறும் தண்ணீர். புத்தகத்தில் அதற்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். பிள்ளைகள் 'பட்டினிக்காரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். பட்டினிக்காரர்கள் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா, வெயில் வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்று நான் அவர்களுக்குத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. பத்துத் தொட்டியும் ஒரே உயரம். துளி வித்தியாசம் இல்லை. நான் அதையே எழுதிக் கொடுத்தேன்: மருந்தால் பயன் எதுவும் காணப்படவில்லை.

ஜாமிர் வகுப்பறைக்கே வந்துவிட்டார். "நாலு பிளாஸ்டிக் டப்பாவ வச்சுக்கிட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?" என்றார். நாலு இல்லை, பத்து என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. எசென் அண்ணன் மாலையில் கூப்பிட்டு, தாளை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். இலையுதிர் காலத்தில் பள்ளி திறக்கும்போது பாட மணிநேரங்களை ஆசிரியர்களுக்குப் பங்கு போடுவது தான்தான் என்று நினைவுபடுத்தினார். அதை நான் மறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர் என் பக்கம். கடைக்குப் போனால் முதலில் எனக்குச் சாமான் கொடுக்கிறார்கள். "ஜாமிர் வாயை அடைச்சவ நீ ஒருத்திதான்" என்று நேற்று மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிர்கா


ஏப்ரல் 16

அன்புள்ள உலார்பெக்,

நீங்கள் மூன்று முறை போனில் கத்தி மூன்று முறையும் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால் மறுபடியும் காகிதம். கோபம் தீர்ந்த பிறகு படியுங்கள். தீராவிட்டாலும் படியுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். ஜாமிர் தன் மருந்து பாட்டிலைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். எனக்கு வீம்பு. ஒரு சொட்டுகூட அதிகம் எடுக்கவில்லை என்று அளந்து காட்டிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் நாளே நகப்பூச்சால் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஐந்து தொட்டி, தொட்டிக்குப் பத்துச் சொட்டு, ஏழு முறை. கணக்குப்படி இரண்டு விரல் அளவு குறைந்திருக்க வேண்டும். நாலு விரல் குறைந்திருந்தது.

பிள்ளைகள் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் கேட்டேன். யாரும் இல்லை. பிறகுதான் புருல் அக்காவின் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தைக் கூட்டி, அடுப்புக்குக் கரி போட்டு, காலையில் எல்லோருக்கும் முன்னால் வகுப்பறைக்குள் வருகிறவர் அவர் ஒருத்திதான்.

கேட்டதும் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார்: "ஆமா, நான்தான் ஊத்துனேன். ஏன், நல்லா வளந்துருக்குல்ல?" ஏன் ஊற்றினீர்கள் என்றேன். "ஏன்னா கேக்குற? பத்துப் பேரை ஒரே வரிசையில உக்கார வச்சுட்டு அஞ்சு பேருக்கு மட்டும் பரிமாறுறே. மத்த அஞ்சும் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்குதுங்க. நம்ம வீட்டு வாசல்ல வழிப்போக்கன் நின்னாக்கூட ஒரு வாய் ரொட்டியாவது தொட்டுட்டுப் போன்னு சொல்றோம். நீ படிச்சவ, உனக்கு இரக்கம் இல்ல. எனக்கு இருக்குது."

அவர் ஒவ்வொரு முறையும் நாங்கள் ஊற்றிய மறுநாள் காலையில், அதே பத்துச் சொட்டு, அதே டம்ளரில், பட்டினிக்காரர்களுக்கு ஊற்றியிருக்கிறார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு துல்லியமாகச் செய்ததில்லை. பந்தியில் ஓரவஞ்சனை கூடாது என்று அவருக்கு அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கும் என் அம்மா அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். மண்ணை எழுதினேன், வெயிலை எழுதினேன், தண்ணீரை எழுதினேன். தினமும் உள்ளே வந்து போகிற மனுஷியை எழுத மறந்தேன். தவறு என்னுடையதுதான்.

ஆக, பத்துத் தொட்டியும் மருந்து குடித்திருக்கிறது. பத்தும் ஒரே உயரம் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. மருந்து பயனில்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள் வெறும் தாள்.

உங்களிடம் அன்றே போனில் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "யாருக்குத் தெரியும்? உனக்கும் அந்தக் கிழவிக்கும்தானே தெரியும். ஜெயிச்சாச்சு, பேசாம இரு." மாமாவும் அதையே சொன்னார். எசென் அண்ணன்கூட, விஷயம் தெரியாமலே, "ஆறப் போடு" என்றார். இந்த வீட்டிலும் அந்தப் பள்ளியிலும் எல்லா ஆண்களும் ஒருமுகமாக ஒரு யோசனை சொல்வது இதுதான் முதல் தடவை.

என்னால் முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஜாமிருக்குத் தெரியும் என்றுதானே அவரோடு சண்டைக்கு நின்றேன். அதையே நானும் செய்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் பாட்டில் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஜாமிரும் வந்திருந்தார், அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். நான் எழுந்து நின்று சொன்னேன்: என் சோதனை கெட்டுப்போயிற்று, வெறும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மருந்து போய்விட்டது, இந்த மருந்து நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, நான் எழுதிய தாளைத் திரும்பப் பெறுகிறேன்.

யார் ஊற்றியது என்று எசென் அண்ணன் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், பொறுப்பு என்னுடையது என்றேன். சொல்லாவிட்டால் விடமாட்டேன் என்றார். அப்போது பின்னால் கதவோரம் துடைப்பத்தோடு நின்ற புருல் அக்கா சத்தமாகச் சொன்னார்: "நான்தான் ஊத்துனேன், என்னாங்குற? அஞ்சு தின்ன அஞ்சு பாக்குறத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நாளைக்கு உன் வீட்டு விருந்துலயும் இதேதான் சொல்லுவேன்." கூட்டம் முழுக்கச் சிரித்தது. எசென் அண்ணனும் சிரித்துவிட்டார், அதற்குப் பிறகு அக்காவைத் திட்ட அவரால் முடியவில்லை.

ஜாமிர் சிரிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "கேட்டீங்களா, வாத்தியாரம்மாவே ஒத்துக்கிட்டாங்க, மருந்து வேலை செய்யுது!" என்றார். வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை, தெரியாது என்று சொன்னேன் என்று மூன்று முறை சொன்னேன். 'தெரியாது' என்ற சொல் யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து கடையில் எனக்குக் கடைசியில்தான் சாமான். போன வாரம் கையைக் குலுக்கியவர்களில் ஒருவர் என் காதுபடவே, "எவ்வளவு வாங்கிக்கிட்டு மாத்திப் பேசுறாளோ" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன் உலார்பெக். உங்களிடம் சொல்ல வெட்கம் இல்லை. கன்றுக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த சோதனையை யோசித்தேன்.

இந்த முறை இருபது தொட்டி. இரண்டு பாட்டில். ஒன்றில் ஜாமிர் கடையிலேயே காசு கொடுத்து வாங்கிய மருந்து, இன்னொன்றில் அதே நிறம் வரும்படி ஆறிப்போன தேநீரைக் கொஞ்சமே கொஞ்சம் கலந்த தண்ணீர். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் நீல நூல். எல்லாத் தொட்டிக்கும் பத்துச் சொட்டு உண்டு, யாரும் யார் வாயையும் பார்க்க வேண்டாம். எதில் என்ன என்பது எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. நிரப்பி நூல் கட்டப்போவது புருல் அக்கா. தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் சோதனை முடியும்வரை அந்த வகுப்பறைக்குள் அவர் காலடி வைக்கக் கூடாது. கரி போடுவதும் கூட்டுவதும் நானும் பிள்ளைகளும்.

அவரை நம்பியா இதை ஒப்படைக்கிறாய் என்று மாமா கேட்டார். ஊரில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்றேன். புருல் அக்காவே என்னிடம் வந்து, "எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு கிடைக்குதுல்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கிடைக்கிறது என்றேன். "அப்ப சரி. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்," என்றார்.

நீங்கள் போனில் கடைசியாகச் சொன்னது, மன்னிப்புக் கேட்டுவிட்டு எசென் அண்ணன் கேட்ட தாளில் கையெழுத்துப் போடு என்பது. தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஊர் முன்னால். தாளில் போட மாட்டேன். இது என் பதில், மறுபடி போனில் கேட்க வேண்டாம்.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சிர்கா


மே 12

அன்புள்ள உலார்பெக்,

இந்த முறை சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் முடிந்து திங்கட்கிழமை அளந்தோம். ஜாமிர், எசென் அண்ணன், பள்ளிவாசல் இமாம், அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர். முதலில் பிள்ளைகள் அளவுகளைப் பலகையில் எழுதினார்கள். சிவப்பு நூல் தொட்டிகள் ஆறாம் நாளில் முளைத்தவை, நீல நூல் எட்டாம் நாளில். இருபத்தோராம் நாளில் சிவப்பு சராசரி இருபத்தொன்றரை சென்டிமீட்டர், நீலம் இருபத்தொன்று. ஒரே நிறத்துக்குள்ளேயே தொட்டிக்குத் தொட்டி இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதனால் அந்த அரைக்கு மதிப்பில்லை என்று ஏழாம் வகுப்பு இமாமுக்கே விளக்கிச் சொன்னது.

அதன் பிறகுதான் புருல் அக்காவை உள்ளே கூப்பிட்டோம். மூன்று வாரமாக அந்த வாசலைத் தாண்டாதவர், முதலில் இருபது தொட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். எது மருந்து என்று கேட்டோம். சிவப்பு என்றார்.

"ரெண்டு நாள் முந்துதுல்ல!" என்று ஜாமிர் குதித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர், "மூணு வாரத்துல ரெண்டும் ஒண்ணுதானே, அப்புறம் எதுக்கு வாங்கணும்?" என்று கத்தினார். ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். முழுசாக யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நான் மூன்று வரி எழுதினேன். மருந்து இட்டவை இரண்டு நாள் முன்னால் முளைத்தன. மூன்று வாரத்தில் வித்தியாசம் இல்லை. இது வகுப்பறையில் இருபது தொட்டி, வயலில் எப்படி, காய் எப்படி என்று தெரியாது. எசென் அண்ணன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். என் முதல் வரி மட்டும் அதில் இருந்தது. "இது நீ எழுதுன வரிதானே, பொய் இல்லையே, கையெழுத்துப் போடு" என்றார். என் வரிதான், ஆனால் மற்ற இரண்டையும் பிய்த்துவிட்டால் அது என் வரி இல்லை என்றேன். மூன்றும் இருந்தால் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இலையுதிர் காலத்தில் உயிரியல் மணிநேரம் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போகிறதாம். அவருக்குத் தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கையெழுத்து அழகாகப் போடுவார்.

மூன்று வரியையும் பள்ளிக் கதவில் ஒட்டினேன். மதியத்துக்குள் யாரோ கிழித்தார்கள். மறுநாள் காலை ஏழாம் வகுப்பில் இருபத்து மூன்று பேரும் தங்கள் நோட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து அந்த மூன்று வரியைத் தங்கள் கையெழுத்தில் எழுதி அவரவர் வீட்டு வாசலில் ஒட்டியிருந்தார்கள். நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வாசலுக்கும் போய்க் கிழிக்க ஜாமிருக்குத் தைரியம் இல்லை. மருந்தைச் சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. மாமா பாதி வயலுக்கு மட்டும் வாங்கியிருக்கிறார்! நடுவில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் வெறும் தண்ணீர் என்று என்னிடமே வந்து திட்டம் சொன்னார். முழங்கால் வலியை அன்று மறந்துவிட்டார்.

நேற்று நீங்கள் போனில் சொன்னது இரவு வரை காதில் நின்றது. நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் நம் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும் என்றீர்கள். இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட ஒரு சிர்காவை இன்னொரு ஜன்னலில் வைத்து வளர்த்திருந்தால் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருப்பது நான் ஒருத்திதான். நீங்கள் தெரிந்ததுபோலப் பேசியதுதான் எனக்கு வலித்தது.

வேலை போய்விட்டது, அங்கேயே வந்துவிடு, கிடங்கில் பெட்டி கட்டும் வேலை இருக்கிறது என்கிறீர்கள். வர மாட்டேன். கிடங்கு வேலை கேவலம் என்று நினைக்கவில்லை. நான்கு வருஷமாக உங்கள் முதுகு அதில் வளைவது எனக்குத் தெரியும், அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டுக் கூரை நிற்கிறது. ஆனால் நான் இப்போது கிளம்பினால், உண்மையைச் சொன்ன டீச்சர் ஊரைவிட்டுப் போனாள் என்பதுதான் அந்த இருபத்து மூன்று பிள்ளைகள் இந்த வருஷம் படித்த கடைசிப் பாடமாக இருக்கும். அதை நான் நடத்த மாட்டேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் முதல் தேதி, பள்ளி திறந்து முதல் மணி அடிக்கிற நாளில், காலை எட்டு மணிக்கு உயிரியல் வகுப்பு வாசலில் நிற்பேன். மணிநேரம் கொடுத்தாலும் நிற்பேன், கொடுக்காவிட்டாலும் நிற்பேன். என்னை வெளியே அனுப்ப வேண்டுமானால் எசென் அண்ணன் அதைப் பிள்ளைகள் முன்னால், பூங்கொத்தோடு நிற்கிற பெற்றோர்கள் முன்னால் செய்யட்டும். புருல் அக்கா என் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டார். மாமாகூடக் கோட்டை வெளியே எடுத்துத் தூசு தட்டி வைத்திருக்கிறார். செசிமுக்கும் அன்றுதான் முதல் வகுப்பு. வெள்ளை ரிப்பன் வாங்கியாயிற்று.

எல்லோரும் சுகம். நீங்கள் என் பக்கமா, எசென் அண்ணன் பக்கமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. அன்று காலை எட்டு மணிக்கு நீங்கள் எந்த ஊரில் நிற்பீர்கள், அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வழி திறந்திருக்கட்டும்.

சிர்கா